காவலூர் மலையும் கே2-18பி கோளும்: ஒரு கேள்வியும் அதன் பின்குறிப்புகளும்

குடியாத்தம் வாசகரின் கேள்வி, 18 ஏப்ரல் 2025

124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி என்னும் கோளில் உயிர் இருப்பதற்கான தடயம் கிடைத்துவிட்டதாக இன்று எல்லாச் செய்திகளிலும் வருகிறது. நம் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகளில் அது வேறு விண்மீனைச் சுற்றும் கோள், அதாவது புறக்கோள், ஒன்றைக்கூடக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இதை அலட்சியம் என்பதா, ஆளில்லாமை என்பதா? விவரம் அறிந்தவர்கள் சொல்லலாம்.

19 ஏப்ரல் 2025

இரண்டுமில்லை என்பது என் கருத்து. நான் விஞ்ஞானி அல்லன். காட்பாடியில் முப்பத்தைந்து ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன். மொட்டைமாடியில் எட்டங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருப்பவன். ஆகவே ஒளியை அளப்பதில் எனக்குள்ள பழக்கத்தை வைத்தே பேசுகிறேன்.

சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் கோளை 1995ஆம் ஆண்டில் மிஷேல் மேயர், டிடியே கேலோ ஆகிய இருவரும் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். 51 பெகாசி என்னும் விண்மீனை அது 4.2 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கி 1.93 மீட்டர், காவலூரில் உள்ளதைவிடச் சிறியது. எனவே கண்ணாடியின் அளவை வைத்துக் காவலூரைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் இருந்தது, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி ஒன்று. காட்பாடி சந்திப்பில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா, அதே விதிப்படி, சுற்றும் கோளின் இழுப்பால் விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் அதன் நிறமாலைக் கோடுகள் மயிரிழை அளவு இடம் மாறுகின்றன; அந்த இடமாற்றத்தை அந்தக் கருவி அளந்தது. 51 பெகாசியின் ஆட்டம் வினாடிக்கு ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல். வியாழன் நம் சூரியனை ஆட்டுவது வினாடிக்கு 12.5 மீட்டர். நம் பூமி ஆட்டுவதோ 9 சென்டிமீட்டர். இரவு முழுவதும், ஆண்டு முழுவதும், இந்த எறும்பு வேகத்தை அளக்க வேண்டுமானால் கருவியின் வெப்பநிலையும் காற்றழுத்தமும் அசையக் கூடாது. காவலூர் அந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதன்று. 1986இல் அப்படி ஒரு கோளைத் தேடலாம் என்று நம்பியவர்களே உலகில் மிகச் சிலர்.

இந்தியாவில் அந்த வேலையை அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் அபு மலையில் செய்திருக்கிறார்கள். வெறும் 1.2 மீட்டர் தொலைநோக்கியில், வெற்றிடக் கலத்துக்குள் வெப்பநிலை மாறாமல் வைத்த 'பாரஸ்' என்னும் நிறமாலைமானியைப் பொருத்தி, சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனைச் சுற்றும் கோளின் எடை பூமியைப் போல 27 மடங்கு என்று 2018இல் அளந்து அறிவித்தார்கள். கண்ணாடி காவலூரில் பாதிதான்.

19 ஏப்ரல், இரவு

திருத்தம். ஆரணியிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார்: முதல் புறக்கோள்கள் 1995இல் அல்ல, 1992இல் அலெக்சாண்டர் வோல்ஷான், டேல் ஃப்ரெய்ல் ஆகியோரால் ஒரு துடிவிண்மீனைச் சுற்றிக் கண்டறியப்பட்டவை என்கிறார். உண்மை. நான் 'சூரியனைப் போன்ற' என்று ஒரு சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன் என்றாலும், படிப்பவர் அதைக் கவனிக்காமல் போகக்கூடும். செத்த விண்மீனைச் சுற்றும் கோள்கள்தாம் முதலில் கிடைத்தன.

காவலூர் இப்போது வேலூர் மாவட்டத்திலும் இல்லை, 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் என்று இன்னொருவர் திருத்தியிருக்கிறார். மாவட்டங்கள் பிரிந்த வேகத்துக்கு என் ஞாபகம் ஈடு கொடுக்கவில்லை. மலை நகரவில்லை, அவ்வளவே.

22 ஏப்ரல் 2025

செய்தியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று குடியாத்தத்து நண்பர் கேட்கிறார். சரி.

கே2-18பி சிம்ம விண்மீன் குழுவில் உள்ள ஒரு செங்குறு விண்மீனை 33 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. எடை பூமியைப் போல எட்டரை மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. அது விண்மீனின் முகத்தைக் கடந்து செல்லும்போது, விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு கோளின் வளிமண்டல விளிம்பின் வழியாக வடிகட்டப்பட்டு நம்மிடம் வருகிறது. அந்த வடிகட்டலில் எந்த நிறங்கள் குறைந்துள்ளன என்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவு செய்கிறது. கேம்பிரிட்ஜில் பணிபுரியும் நிக்கு மதுசூதன் குழுவினர் 2023இல் அங்கே மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவான ஒரு சேர்மம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் வெளியிடுகின்றன. கடற்கரைக்குப் போனால் மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனையில் இதற்கும் பங்குண்டு.

பத்திரிகைகள் விட்டுவிட்ட சொல் 'மூன்று சிக்மா'. தற்செயலாக இப்படி ஒரு வடிவம் தோன்ற 0.3 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது அதன் பொருள். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும் என்பது வழக்கம். அங்கே தற்செயலுக்கான வாய்ப்பு 0.00006 சதவீதத்துக்கும் கீழே. இந்த இடைவெளியை அந்தக் குழுவினரே தங்கள் அறிவிப்பில் எழுதியிருக்கிறார்கள். '99.7 சதவீதம் உயிர் இருக்கிறது' என்று ஒரு தொலைக்காட்சியில் கேட்டேன். அது வேறு கணக்கு, தவறான கணக்கு. வாயு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருந்தால் அதை உயிர்தான் உண்டாக்கியதா என்பது இரண்டாவது கேள்வி. உயிர் ஏதும் இல்லாத 67பி வால்வெள்ளியிலும் இதே சேர்மம் தென்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வாயுக் கலவையின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியும் இதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

23 ஏப்ரல் 2025

'நீங்கள் எதையும் நம்பாதவர்' என்று வாணியம்பாடித் தம்பி ஒருவர் எழுதுகிறார். நம்பிக் கெட்டவன், தம்பி. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குறுநரி விண்மீன் குழுவில் எச்டி 189733 என்று ஒரு விண்மீன் உண்டு. 65 ஒளியாண்டுத் தொலைவு. வியாழனைவிடச் சற்றே பெரிய கோள் ஒன்று அதை 2.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றேமுக்கால் மணி நேரம் விண்மீனின் முகத்தைக் கடக்கிறது; அப்போது ஒளி ஏறத்தாழ இரண்டரை சதவீதம் குறைகிறது. எங்களைப் போன்ற மொட்டைமாடி ஆட்களுக்கு இது வரப்பிரசாதம். பூமி அளவுள்ள கோள் சூரியனை மறைத்தால் குறைவது 0.0084 சதவீதம் மட்டுமே. ஸ்டுடியோக் கணக்கில் சொன்னால், ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது. அனுபவமுள்ள கண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் தெரியும். அது ஏறத்தாழ ஏழு சதவீதம். ஆகவே கண்ணை நம்பிப் பயனில்லை, கேமரா எண்ணிச் சொல்ல வேண்டும்.

2019 மே 2 அதிகாலை. கடப்பின் நடுநேரம் 3 மணி 49 நிமிடம் என்று அட்டவணை சொன்னது. இரண்டு மணிக்கே மாடி ஏறி, நிமிடத்துக்கு இரண்டு படமாக எடுத்துத் தள்ளினேன். மறுநாள் உட்கார்ந்து பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டால், மூன்றரை மணியளவில் கோடு இறங்குகிறது, மூன்று சதவீதம் கீழே போகிறது, பிறகு ஏறுகிறது. வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன். நாலு பேருக்குப் படத்தையும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஒரு கல்லூரி மாணவர், மிக மரியாதையாக, 'ஐயா, அந்த நேரம் கிரீன்விச் நேரமாயிற்றே' என்றார். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை ஒன்பதேகால். நான் படமெடுத்த நேரத்தில் அந்தக் கோள் விண்மீனுக்கு முன்னால் வரவே இல்லை. அது வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது? கேமராவின் உணரியின்மேல் ஒட்டியிருந்த ஒரு தூசி. மோட்டார் சரியாகத் தொடராததால் விண்மீன் மெல்ல மெல்ல நகர்ந்து அந்தத் தூசியின் நிழல் வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறது. நெகட்டிவில் விழுந்த தூசியைப் பிரஷ் வைத்து டச்சிங் செய்தே வயிறு வளர்த்தவன், தூசியைக் கோள் என்று நினைத்தேன். சமச்சீரான வெளிச்சத்தில் ஒரு வெற்றுப் படம் எடுத்து அதனால் வகுத்திருந்தால் தூசி தானே விலகியிருக்கும். அந்த வேலையைத்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டிருந்தேன்.

கேசரி நன்றாக இருந்தது.

2 மே 2025

ஆரணி அம்மையார் வேறொரு பழைய விஷயத்தைக் கிளறியிருக்கிறார், அதற்காக அவருக்கு நன்றி. இந்தத் தேடலில் தவறான முதல் அறிவிப்புகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்தே போனது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகத்தில் (அதன் கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது, தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது) கேப்டன் ஜேக்கப் என்பவர், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஒரு பிசகு இருப்பதைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருப்பதற்கு மிகுந்த வாய்ப்புண்டு என்று 1855இல் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதற்கு 36 ஆண்டுச் சுற்றுக்காலம்கூடக் கொடுத்தார். 1899இல் ஃபாரஸ்ட் மோல்டன், அப்படி ஒரு மூன்றாம் பொருள் அந்தப் பாதையில் நிலைத்து நிற்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கோள் போயிற்று.

ஜேக்கப்பை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் 'கோள் இருக்கிறது' என்று அடித்துச் சொல்லவில்லை. மிகுந்த வாய்ப்பு என்றே சொன்னார். கண்ணால் ஒரு நுண்கம்பியைப் பார்த்துக் கோணம் அளந்த காலம் அது. நான் கேமராவும் கணினியும் வைத்துக்கொண்டு தூசியைப் பிடித்தவன்.

இந்த வானாய்வகத்தின் வழித்தோன்றல்தான் 1899இல் கொடைக்கானலுக்குப் போனது. அந்தக் கிளையின் கிளைதான் காவலூர். குடியாத்தத்து நண்பர் கேட்ட 'ஒரு கோள்கூட இல்லையே' என்பதற்கு, கொள்ளுத் தாத்தா ஒன்று கண்டுபிடித்தார், அது நிற்கவில்லை என்று பதில் சொல்லிக்கொள்ளலாம்.

3 மே 2025

காவலூருக்காகப் பேசுகையில் ஒன்றை விட்டுவிட்டேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் போவதைப் பதிவு செய்யக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் (1972இல் ஜெர்மனியிலிருந்து வந்த கார்ல் சைஸ் கருவி அது) காத்திருந்தார்கள். யுரேனஸ் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸின் வளையங்கள் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட கதை இதுதான்.

3 மே, மாலை

மேலே உள்ள கடைசி வரியைத் திருத்துகிறேன், ஊர்ப்பற்றில் எழுதியது. வளையங்கள் என்று முடிவு கட்டியது ஜேம்ஸ் எலியட் குழுவினர். அவர்கள் இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்த கைப்பர் விமான ஆய்வகத்திலிருந்து பார்த்தவர்கள். கோளின் ஒரு பக்கத்தில் ஐந்து மங்கல்கள் தெரிந்தன, மறுபக்கத்திலும் அதே இடைவெளியில் ஐந்து தெரிந்தன, ஆகவே வளையம். காவலூரில் தெரிந்த மங்கலை முதலில் ஒரு புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி எழுதினார்கள். அந்தப் பதிவு வளையத்துக்குச் சான்றாயிற்று. எனக்கு இது குறைவாகத் தெரியவில்லை. ஒளி சற்று மங்கியது என்ற ஒரே தகவலிலிருந்து துணைக்கோள், வளையம், தூசி, பனி என்று எத்தனை முடிவுக்கும் போகலாம். மறுபக்கத்தையும் பார்த்தவர்களுக்கே பதில் கிடைத்தது.

17 மே 2025

நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் கூட்டமான ஆல்ஃபா செண்டாரி நம் ஊரிலிருந்து தெரியுமா என்ற கேள்வி. தெரியும். இந்த நாட்களில் இரவு பதினோரு மணிக்குத் தெற்கே கையை நீட்டிப் பிடித்தால், அடிவானத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் பொலிவாக நிற்கும். டெல்லியில் இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. காவலூர் ஆய்வகத்தை நிறுவிய வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்ததற்கு இதுவே ஒரு காரணம்: பூமத்தியரேகைக்கு அருகில் என்பதால் தென்வானமும் வடவானமும் சேர்ந்து கிடைக்கும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பிராக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு கோள் இருப்பது 2016இல் தெரிந்தது. 4.2 ஒளியாண்டு. வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில், அந்தத் திசையில் போனால், சுமார் 75,000 ஆண்டு ஆகும்.

வேற்றுலகத்தார்க்கென வாயேஜரில் வைத்து அனுப்பிய தங்கத்தட்டில் தமிழ் வாழ்த்தும் இருக்கிறது என்று கீழே ஒருவர் பெருமைப்பட்டிருக்கிறார். இல்லை. 55 மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. நம் ஊரில் பாதித் தெருவில் தெலுங்கும் பேசுகிறார்கள் என்பதால், வேலூர் சார்பில் யாரோ வணக்கம் சொல்லிவிட்டார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம்.

18 மே 2025

வாயேஜர் பேச்சு வேற்றுலகச் செய்திகளுக்கு இழுத்துப் போய்விட்டது. சுருக்கமாக முடிக்கிறேன்.

1967இல் ஜோசலின் பெல் கண்ட சீரான துடிப்புக்கு 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார்கள், அது துடிவிண்மீன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் தலைகாட்டிய விநோத ரேடியோத் துடிப்புகள், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை அவசரமாகத் திறந்ததால் வந்தவை என்று 2015இல் தெரிந்தது. பிராக்சிமாவின் திசையிலிருந்து வந்ததாக 2020இல் பேசப்பட்ட சமிக்ஞை நம் கருவிகளின் இரைச்சலே என்று அடுத்த ஆண்டு முடிவாயிற்று. 1977இல் ஒஹாயோவில் 72 நொடிகள் பதிவான 'வாவ்' சமிக்ஞை மட்டும் இன்னும் விளக்கத்துக்கு அடங்கவில்லை; அது மீண்டும் வரவும் இல்லை.

அடுப்பைக் கண்டுபிடித்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். தம் சமையலறையைச் சந்தேகிக்க ஒரு தைரியம் வேண்டும்.

14 ஜூன் 2025

சொல் பற்றிய சண்டை நீள்கிறது. 'புறக்கோள்' போதும், 'வெளிச்சூரியக்கோள்' நாக்கில் நிற்காது. கோள் விண்மீனின் முகத்தைக் கடப்பதைக் 'கடப்பு' என்றே எழுதுகிறேன். 2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது சிலர் 'இடைநகர்வு' என்றார்கள், அதுவும் நல்ல சொல்தான். அன்று வேலூர்க் கோட்டை மைதானத்தில் வெள்ளைத் தாளில் சூரியனின் பிம்பத்தை விழவைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மிளகை விடச் சிறிய கறுப்புப் புள்ளி. சூரிய ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அது மறைத்தது. ஒரு சிறுமி, 'அங்கேயிருந்து பார்த்தால் நாமும் இப்படித்தான் புள்ளியா?' என்று கேட்டாள். சரியாகப் பார்க்கும் திசையில் இருந்தால் மட்டுமே, என்று சொல்லத் தெரியாமல் 'ஆமாம்' என்றேன். உண்மையில், தொலைவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பார்ப்பவருக்குப் பூமி சூரியனைக் கடப்பது தெரிய ஏறக்குறைய இருநூறில் ஒரு வாய்ப்புதான். கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலம் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான விண்மீன்களை ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் அதுவே காரணம்.

20 செப்டம்பர் 2025

உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தொட்டுவிட்டதாக நாசா மூன்று நாட்களுக்கு முன் அறிவித்தது. குடியாத்தத்து நண்பர் உடனே, 'அதில் காவலூர்?' என்கிறார். விட மாட்டார்.

கே2-18பி பற்றியும் கேட்கிறார். அதே தரவுகளை வேறு குழுவினர் தம் முறையில் பகுத்துப் பார்த்து, அந்த வாயுவுக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை என்று நிரூபணமாகிவிடவில்லை. முடிவுக்கு வரவும் இல்லை. தொலைக்காட்சியில் இதற்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

7 அக்டோபர் 2025

நேற்று இரவு மறுபடியும் எச்டி 189733. இந்த முறை ஐந்தரை மணி நேரத்தை மூன்று தடவை கூட்டிச் சரிபார்த்தேன்: தொடக்கம் 7.45 வாக்கில், நடு 8.40, முடிவு 9.30. நிலா ஏறக்குறைய முழுதாக இருந்தது, அதைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது. அந்தி வெளிச்சத்தில் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, வெற்றுப் படம் முப்பது எடுத்துக்கொண்டேன். தூசிக்கு இனி வேலையில்லை.

7.50க்குப் பிறகு கோடு இறங்கத் தொடங்கியது. 8.15க்குள் இரண்டு சதவீதத்தைத் தாண்டி அங்கேயே சமமாக நின்றது. 8.50க்குத் தெற்கிலிருந்து மேகம் வந்து மூடியது. பத்து மணி வரை விலகவில்லை. இறங்கியது இருக்கிறது, ஏறியது இல்லை.

கேசரி கிண்டச் சொல்லவில்லை.

27 அக்டோபர் 2025

நேற்று மாலையும் ஒரு கடப்பு இருந்தது, நடுநேரம் இரவு 7.50. வங்கக் கடலில் புயல் உருவாகும் நேரத்தில் காட்பாடியில் விண்மீன் தேடுவதற்குப் பெயர் வேறு. அடுத்து வசதியான மாலை நவம்பர் 15. ஆனால் அன்று நடுநேரமே 7.05 என்பதால், முதல் பாதி அந்தியில் போய்விடும், ஏறும் பாதி மட்டும் கிடைக்கும்.

அக்டோபரின் இறக்கத்தையும் நவம்பரின் ஏற்றத்தையும் ஒட்டி ஒரே படமாக்கலாமே என்று வாணியம்பாடித் தம்பி யோசனை சொல்கிறார். ஸ்டுடியோவில் இதைச் செய்திருக்கிறேன். துபாயில் இருக்கும் மகனையும் ஊரில் இருக்கும் பெற்றோரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்து, நிழலையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இங்கே அது கூடாது. தனித்தனி இரவு, தனித்தனி வானம், தனித்தனிப் பிழை. தனித்தனியாகவே காட்ட வேண்டும்.

16 நவம்பர் 2025

ஊர் வெளிச்சத்தைத் தவிர்க்க ஆலங்காயம் பக்கத்தில் உறவினர் நிலத்துக்குப் போயிருந்தேன். மலைமேல் காவலூர்க் குவிமாடம் இருக்கும் திசையில் வானம் கறுப்பாக இருந்தது; அடிவாரத்தில் எல்இடி விளக்குகள் பெருகியிருப்பதைப் பார்க்க, மேலே இருப்பவர்கள்மீது இரக்கம் வந்தது. மேகம் இடையிடையே போய்வந்தது.

வந்த எண்களை, விண்மீனின் பெயரோ எதிர்பார்த்த நேரமோ சொல்லாமல், குடியாத்தத்து நண்பருக்கு அனுப்பி, 'எங்கே மாறுகிறது என்று கோடு போடுங்கள்' என்றேன். அவர் ஜவுளிக் கணக்கு எழுதுபவர், எண்களில் பிசகு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். அவர் இரண்டு இடத்தில் கோடு போட்டார். 7.40 முதல் 7.55 வரை ஏறுகிறது என்று ஒன்று. 8.20க்குப் பிறகு மறுபடி இறங்குகிறது என்று இன்னொன்று.

முதல் கோடு அட்டவணையோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது கோட்டுக்கு அந்தக் கோள் பொறுப்பன்று. அது கண்ணாடியில் படிந்த பனி என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்ததைக் கோள் என்றும் பிடிக்காததைப் பனி என்றும் பெயரிடுவதாக ஆரணி அம்மையார் இன்று காலை எழுதியிருக்கிறார். அவர் கேட்பது நியாயம். பனி என்பதற்கு அன்றிரவே எழுதிய சான்று இருக்கிறதா, இல்லை வரைபடத்தைப் பார்த்த பிறகு தோன்றியதா என்று கேட்கிறார்.

இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இன்று மாலை படமெடுத்துப் போடுகிறேன். 8.30க்கு எதிரே 'டார்ச் அடித்துப் பார்த்தேன், சிறு கண்ணாடி ஈரம்' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. தாளும் நனைந்து அந்த வரி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.